வலியை முந்தானையில் முடிந்து வைக்காதீர்கள்
அறுபதைக் கடந்த பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும்,

முட்டியில் ஒன்று, குறுக்கில் ஒன்று, தோளில் ஒன்று என்று மூன்று நாலு வலிகளோடு விடிகாலையில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், வீட்டுக்கு முதல் காபி போடுகிறவர்கள் நீங்கள். யாராவது "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "ஏதோ இருக்கேன்" என்று பேச்சை முடித்துவிடுகிறீர்கள். அப்படிப் பேச்சை முடித்துக்கொள்ளும் உங்களோடு பேசத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். மாடிப்படி ஏறும்போது என் முட்டியும் உங்கள் முட்டியைப் போலவே நறநறக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வலியை மூடி வைப்பது, அந்த வலியைவிட நம்மை அதிகமாகக் கெடுக்கிறது. வார்டில் இருந்த காலமெல்லாம் இதைத்தான் பார்த்தேன். முட்டி வலிக்காக யாரும் சாகவில்லை. முட்டி வலியை யாரிடமும் சொல்லாமல், கையில் கிடைத்த மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கிய பெண்கள், சிறுநீரகம் செயலிழந்து, முகமும் காலும் வீங்கி வந்து படுத்தார்கள். "ஏம்மா முன்னாடியே வரலை?" என்று கேட்டால், எல்லோரிடமும் ஒரே பதில்: "இதுக்குப் போய் யாரைத் தொந்தரவு பண்றது?"

அந்தப் பதிலை உங்களிடமிருந்து எப்படியாவது பிடுங்கி எறிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் மனக்குறை எனக்குத் தெரியும். மகனிடம் சொன்னால், "வயசாச்சுல்லம்மா, அப்படித்தான் இருக்கும்" என்கிறான். மருமகளிடம் சொன்னால் வேலைக்கு வணங்காமல் சாக்குச் சொல்வதாக நினைத்துவிடுவாளோ என்று பயம். டாக்டரிடம் போனாலோ, பாதிப் பேர் சீட்டிலிருந்து தலையைத் தூக்குவதே இல்லை. "தேய்மானம்" என்று ஒரு சொல், கையில் ஒரு மாத்திரைச் சீட்டு, அதற்குள் வாசலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டாகிவிடும். காலை எட்டு மணியிலிருந்து ஓ.பி. சீட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு இதுதான் மரியாதையா? இல்லை. உங்கள் கோபம் நியாயமானது. நான் வேலை பார்த்த துறையைச் சேர்ந்தவர்களைப் பற்றியும்தான் சொல்கிறேன்.

ஆனால் மற்றவர்கள் சொன்ன "வயசாச்சு" என்பதை நீங்களே திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. வயது ஒரு நோயின் பெயர் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பத்து விதமான கோளாறுகள் ஒளிந்துகொள்ளும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கிறதா? கணுக்கள் வீங்கி இருக்கின்றனவா? அது முடக்குவாதமாக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அது அதிகம் வருகிறது. ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பின்னல் போட முடியவில்லை, ரவிக்கை மாட்டும்போது உயிர் போகிறது என்றால் அது தோள் இறுக்கமாக இருக்கலாம். சுகர் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும், பயிற்சியால் சரியாகக்கூடியது. உடம்பு முழுக்க அடித்துப் போட்டதுபோல் வலித்தால் தைராய்டு குறைவாகவோ வைட்டமின் டி குறைவாகவோ இருக்கலாம். உயரம் குறைந்து முதுகு கூன் போடுகிறது என்றால், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிந்து, முதுகெலும்பு சத்தமில்லாமல் நசுங்கியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றையும் "வயசு" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் எதற்குமே வைத்தியம் நடக்காது.

சரி, டாக்டரிடம் போகாமல் என்ன செய்கிறீர்கள்? தெருமுனை மெடிக்கலுக்குப் போகிறீர்கள். "முட்டி வலிக்கு ஒரு செட் குடுப்பா" என்கிறீர்கள். அந்தத் தம்பி டப்பாக்களைத் திறந்து, அட்டைகளை வெட்டி, மூன்று நாலு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருகிறான். அந்தப் பொட்டலங்கள் பலவற்றை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் இருக்கும். கூடவே பாராசிட்டமால். வயிறு எரியாமலிருக்க ஒரு கேஸ் மாத்திரை. சிலவற்றில் பொடிசாக, வெள்ளையாக இன்னொன்று. அதுதான் ஸ்டீராய்டு. பெயர் எழுதிய அட்டை இல்லை, தேதி இல்லை, எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. மதியம் சாப்பிட்டால் சாயங்காலம் வலி பறந்துவிடும். அதனால்தான் மறுபடி போகிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. வலியில் துடிப்பவளுக்கு அந்தச் சாயங்காலம் எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியும்.

ஆனால் உள்ளே நடப்பதையும் கேளுங்கள். டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் வலியைக் குறைக்கும்போதே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் குறைக்கின்றன. வாலிபத்தில் சிறுநீரகம் அதைத் தாங்கிக்கொள்ளும். அறுபதுக்கு மேல், ஏற்கெனவே சுகரும் பிரஷரும் அரித்துக்கொண்டிருக்கும் சிறுநீரகம் தாங்காது. பிரஷருக்கான சில மாத்திரைகளும், நீர் பிரிய எடுக்கும் மாத்திரையும் இதோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஒழுங்காகப் பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்கவில்லை என்கிறீர்களே, அதற்கும் இந்த வலி மாத்திரை காரணமாக இருக்கலாம். இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீரகம் கெடும்போது பெரும்பாலும் வலிக்காது. அதுதான் கொடுமை. வலிக்காக விழுங்கிய மாத்திரை, வலிக்காத ஓர் உறுப்பை அழித்துவிடும்.

"இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்" என்று முடிவுசெய்து, யாரோ சொன்ன ஊருக்குப் பஸ் ஏறி, பெயரில்லாத பொடியோ உருண்டையோ வாங்கி வருகிறவர்களுக்கும் சொல்கிறேன். முறையாகப் படித்த சித்த மருத்துவர் அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார். அவரிடம் தாராளமாகப் போங்கள். ஆனால் என்ன மருந்து என்றே எழுதித் தராத பொடியில் ஸ்டீராய்டு கலந்து விற்பவர்கள் உண்டு. மூன்றே நாளில் அதிசயம்போல வலி போகும், பசி எடுக்கும், முகம் உப்பும். "அம்மா பூசினாப்ல இருக்காங்க" என்று பார்ப்பவர்கள் சந்தோஷப்படுவார்கள். உள்ளே சுகர் ஏறிக்கொண்டிருக்கும், எலும்பு கரைந்துகொண்டிருக்கும். அப்படி ஏதாவது மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவராக இருந்தால், இதைப் படித்த பயத்தில் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அந்தப் பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

அப்படியானால் வலியைப் பொறுத்துக்கொண்டே கிடப்பதா என்று கேட்பீர்கள். வேண்டாம். செய்ய வேண்டியவை இருக்கின்றன. அவை மாத்திரைபோல ஒரே சாயங்காலத்தில் வேலை செய்யாது, அவ்வளவுதான்.

முட்டி தேய்ந்துவிட்டது, இனி நடக்கவே கூடாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தொடைத் தசைதான் முட்டியைத் தாங்குகிறது. நடக்காமல் உட்கார்ந்தால் அந்தத் தசை சூம்பும்; சூம்பினால் பாரம் முழுவதும் மூட்டில் இறங்கும்; வலி கூடும். அதனால் இன்றைக்கே ஒரு நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போடுங்கள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு காலை மட்டும் நேராக நீட்டி, மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து தடவை, அப்புறம் அடுத்த கால். படுத்திருக்கும்போது ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, துண்டை அழுத்துகிற மாதிரி காலை விறைத்து, பிறகு விடுங்கள். தொடையில் தசை இறுகுவது கைக்குத் தட்டுப்பட வேண்டும். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஆனால் விடாதீர்கள். ஆறேழு வாரம் கழித்துப் பாருங்கள், நாற்காலியில் கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலுழைப்பு வேண்டும் என்கிறது. வீட்டு வேலையும் அதில் சேரும்தான். ஆனால் நாள் முழுக்க அடுப்படியில் நிற்பது தசையை வளர்க்காது, அசதியைத்தான் வளர்க்கும். நடை தனி, பயிற்சி தனி.

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறையும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தவளின் முட்டிக்கு எவ்வளவு ஆறுதல் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த சோற்றை வீணாக்க மனமில்லாமல் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் விட்டுப் பாருங்கள். மாத்திரைக்குப் பதிலாக மேலே தடவும் வலிக் களிம்பு முட்டிக்குப் பல பேருக்குப் போதுமானதாக இருக்கிறது. அது ரத்தத்தில் கலப்பது மிகவும் குறைவு. எது உங்களுக்கு ஆகும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

கைத்தடி பிடிக்க வெட்கப்படாதீர்கள். தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் இடது கையில். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் தடியின் உயரம். குத்துக்கால் போட முடியாதவர்கள் கக்கூஸில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கழிவறைக்குப் போக பயந்துகொண்டு தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அது சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. குளியலறைச் சுவரில் ஒரு இரும்புக் கைப்பிடி அடிக்க ஆகும் செலவு, இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவில் தூசு. ராத்திரி எழுந்தவுடன் நடக்காதீர்கள். கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு எழுந்திருங்கள். வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள்.

கருவியை உடம்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முப்பது வயது வாக்கில் கடுமையான முடக்குவாதம் வந்து படுக்கையில் கிடந்தவர். விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவராக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்து, அந்தக் கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 58 வயதில், 1976-ல் பதினொரு படுக்கைகளோடு தம் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டு நோய் அவரை விட்டுப் போகவே இல்லை. வலி முழுசாகப் போன பிறகு வாழலாம் என்று காத்திருந்தால் அவருக்கும் காலம் போயிருக்கும். நமக்கும் போய்விடும்.

இன்னொன்றையும் கையைப் பிடித்துச் சொல்கிறேன். எல்லா வலியும் மூட்டு வலியில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் மாரடைப்பு என்று சினிமா பார்த்து நினைக்கிறோம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் அது அப்படியே வர வேண்டும் என்பதில்லை. தாடையில் வலி, தோளில் அல்லது முதுகில் அழுத்தம், காரணமில்லாத மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, வாந்தி வருகிற மாதிரி ஒரு சங்கடம் என்றும் வரும். "வாய்வுப் பிடிப்பு" என்று பூண்டைச் சுட்டுத் தின்றுவிட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நடுராத்திரியில் பிள்ளைகளை எழுப்பத் தயங்காதீர்கள். குறுக்கு வலியோடு சிறுநீர் தானாகப் போனாலோ, காலில் பலம் குறைந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கினாலோ அதுவும் காத்திருக்கும் சமாச்சாரம் இல்லை.

வலி இல்லாததும் சில நேரம் ஆபத்து. சுகர் பல வருஷமாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு வந்து, உள்ளங்காலில் கொப்புளம் போட்டிருப்பதை ராத்திரிதான் பார்க்கிறார்கள். சுட்டதே தெரியவில்லை என்கிறார்கள். அந்தக் கொப்புளம் புண்ணாகி, விரலை எடுக்கும் அளவுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். தினமும் படுக்கப் போகுமுன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கோயிலுக்கு விடிகாலையிலோ வெயில் தாழ்ந்தோ போங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

உங்களுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. ஆஸ்பத்திரிகளில் மூத்தவர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்று அதன் 20-வது பிரிவு சொல்கிறது. தனி வரிசை எங்கே என்று கேளுங்கள்; கெஞ்ச வேண்டியதில்லை. இந்தியாவிலேயே முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு முதலில் தொடங்கியது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான், 1996-ல். கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-லிருந்து இயங்குகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சை தருபவரும் வீட்டுக்கு வருவார். மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம், "எனக்கு முட்டிக்குப் பயிற்சி சொல்லித்தர ஆள் வேண்டும்" என்று வாய் திறந்து கேளுங்கள். பயிற்சியிலும் மருந்திலும் அடங்காத முட்டிக்கு மாற்று அறுவை அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. ஆதரவில்லாமல் இருப்பவர்களும் வீட்டில் துன்பப்படுகிறவர்களும் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

இவ்வளவும் இருந்தும் நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் எதுவும் உங்களிடம் வராது. பொறுமைதான் பெண்ணுக்கு அழகு என்று நம்மை வளர்த்தார்கள். பிரசவ வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியவளைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நம்பி, கடைசிவரை பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறோம். நம் வலியைச் சொல்வதால் பிள்ளைகளுக்குப் பாரம் என்று நினைக்கிறீர்கள். சொல்லாமல் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாலோ, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குத் தூக்கிக்கொண்டு போகும்படி ஆனாலோ அந்தப் பிள்ளைகளுக்கு வரும் பாரத்தை யோசித்துப் பாருங்கள். அவர்களிடம் அன்பு இருந்தால், அந்த அன்புக்காகவே இன்றைக்குச் சொல்லுங்கள்.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்த மாதம் முடிவதற்குள் ஒரு மஞ்சள் பையை எடுங்கள். வீட்டில் நீங்கள் சாப்பிடும் அத்தனையையும் அதில் போடுங்கள். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, மெடிக்கலில் வாங்கிய பொட்டலம், பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கும் வலி மாத்திரை, ஊரிலிருந்து வந்த பொடி, ஒன்றையும் விடாதீர்கள். மகளையோ மகனையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உங்கள் டாக்டரிடமோ போங்கள். பையை மேஜையில் கொட்டி மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதில் எதெல்லாம் எனக்கு ஆகாது? என் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க கிரியாட்டினின் சோதனை எடுக்கலாமா? இந்த வலிக்கு மாத்திரை தவிர என்ன செய்ய வேண்டும்? டாக்டர் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துப் பதில் சொல்லும்வரை அந்த நாற்காலியிலிருந்து எழாதீர்கள்.

நீங்கள் போய்விட்டு வந்ததும், தெருவில் உங்களைப்போலவே சுவரைப் பிடித்து நடக்கும் இன்னொருத்தியை அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போங்கள். அவளாகக் கிளம்ப மாட்டாள். நீங்கள் கூப்பிட்டால் வருவாள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி